எந்த மழலையர் பள்ளியில் சேர்ப்பது? வாசகர் கேள்வி – பதில்

சிற்றூர்களில் உள்ள அரசு மழலையர் பள்ளிகளை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அங்கன்வாடி, பாலர் பள்ளி, முன்பள்ளி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் வரும் எந்த அரசு மையத்துக்கும் இந்தப் பதில்கள் பொருந்தும்.

கேள்வி: எங்கள் ஊரில் மூன்று அரசு மழலையர் பள்ளிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே துறையைச் சேர்ந்தவை. பாடத்திட்டம், நேரம், விடுமுறை எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? நேரில் போனாலும் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.
– மூன்று வயது மகனின் தாய்

பதில்: பாடத்திட்டம் ஒன்றாக இருப்பது உங்களுக்கு வசதிதான். காகிதத்தில் உள்ளதை விட்டுவிட்டு வகுப்பறையில் நடப்பதை மட்டும் பார்த்தால் போதும். ஒரே துறை, ஒரே புத்தகம், ஒரே அளவு அறை என்று இருந்தும் இரண்டு பள்ளிகள் அடியோடு வேறாக இருக்கும். பெரியவர்கள் பிள்ளைகளோடு பேசுகிற விதம்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். சிற்றூர்ப் பள்ளியில் பெரும்பாலும் ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர் என்று இருவர்தான் இருப்பார்கள். அந்த இருவரின் பழக்கமே பள்ளியின் தரமாகிவிடுகிறது.

மழலையர் பள்ளிக்குப் போனாலே பலன் வந்துவிடும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் 1962-க்கும் 1967-க்கும் இடையில் 123 பிள்ளைகளை வைத்துப் பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு நடந்தது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள், படிக்காத பிரிவினரைவிட 40 வயதிலும் வேலையிலும் வருமானத்திலும் முன்னே இருந்தார்கள். அதே நாட்டில் டென்னசி மாநிலத்தின் அரசு மழலையர் பள்ளிகளைப் பற்றி 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள், இடம் கிடைக்காதவர்களைவிட ஆறாம் வகுப்பில் தேர்விலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்தார்கள் என்றது அது. பெயர்ப் பலகையை நம்ப முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

நேரில் போவதற்கு முன் அனுமதி கேளுங்கள். மூன்று பள்ளிகளுக்கும் சாதாரண வேலை நாளில், ஒரே நேரத்தில் போங்கள். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றைப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிற்பகலிலும் பார்த்தால் ஒப்பீடே கெட்டுவிடும். விழா நாள், அதிகாரி வரும் நாள், பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் இவற்றைத் தவிருங்கள். இரண்டு மணி நேரமாவது இருங்கள். அந்த நேரத்துக்குள் பிள்ளைகள் வருவது, விளையாட்டு, ஒரு வேலையை முடித்து அடுத்ததற்கு மாறுவது, கை கழுவிச் சாப்பிடுவது ஆகிய நான்கும் வர வேண்டும். மூலையில் தரையில் உட்காருங்கள், கைபேசியை எடுக்காதீர்கள். முதல் 20 நிமிடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். புதியவர் வந்திருக்கிறார் என்ற கூச்சம் ஆசிரியைக்கும் இருக்கும், பிள்ளைகளுக்கும் இருக்கும்.

பிறகு ஒரு தாளில் பத்து பத்து நிமிடமாக மூன்று முறை கோடு போட்டு எண்ணுங்கள்.

முதலில் உரையாடலின் நீளம். பிள்ளை ஒன்று சொல்ல, ஆசிரியை பதில் சொல்ல, பிள்ளை மறுபடி பேச, ஆசிரியை தொடர: இது நான்கு சுற்று. “இது என்ன நிறம்?” “சிவப்பு.” “சபாஷ்.” என்று மூன்றோடு முடிவது எல்லா இடத்திலும் நடக்கும். ஐந்து சுற்றைத் தாண்டிய பேச்சு பத்து நிமிடத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே அந்த வகுப்பு நல்ல வகுப்பு. கேள்வி கேட்டபின் ஆசிரியை எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்றும் மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்த மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 விநாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்று 1970-களில் காட்டினார். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல் தேட இன்னும் கூடுதல் நேரம் வேண்டும்.

அடுத்தது, சும்மா காத்திருக்கும் நேரம். தண்ணீர்க் குழாய்க்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, எல்லோரும் முடிக்கும்வரை கைகட்டி உட்கார்ந்திருப்பது எல்லாம் இதில் சேரும். பிள்ளைகள் கையில் வேலை இல்லாமல் இருந்த நிமிடங்களைக் கூட்டுங்கள். இரண்டு மணி நேரத்தில் 15 நிமிடத்தைத் தாண்டினால் நாளின் அமைப்பில் குறை இருக்கிறது என்று பொருள். அடிதடியும் அழுகையும் பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான் தொடங்கும். “இந்த வகுப்புப் பிள்ளைகள் முரடு” என்று சொல்லப்படும் பல இடங்களில் உண்மையான காரணம் வரிசைதான்.

மூன்றாவது, ஒரு பிள்ளை அழும்போதோ இருவர் ஒரே பொம்மையை இழுக்கும்போதோ என்ன நடக்கிறது என்பது. பெரியவர் அருகே போய், பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, நடந்ததைச் சொல்லில் எடுத்துச் சொல்கிறாரா? (“உனக்கு வேணும், அவனுக்கும் வேணும். இப்ப என்ன செய்யலாம்?”) இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கிறாரா? பொம்மையைப் பிடுங்கி அலமாரியில் வைக்கிறாரா? மூன்று பள்ளிகளிலும் இந்த ஒரு காட்சியை மட்டும் பார்க்க முடிந்தால்கூட எதில் சேர்ப்பது என்று பாதி முடிவு எடுத்துவிடலாம்.

சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரே வடிவில், ஒரே நிறத்தில் இருபது வண்ணத்துப்பூச்சிகள் ஒட்டியிருந்தால் வெட்டியது, ஒட்டியது எல்லாம் பெரியவர் கை. கோணல்மாணலாக, ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல் இருந்தால் பிள்ளைகள் கை. பொம்மைகளும் புத்தகங்களும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருப்பவை கணக்கில் வராது.

கேள்வி: ஒரு பள்ளியில் 9 பிள்ளைகள், இன்னொன்றில் 26. கூட்டம் குறைந்த இடம்தானே நல்லது?
– பேத்தியின் தாத்தா

பதில்: பெரும்பாலும் ஆம், ஐயா. ஆனால் பதிவேட்டில் உள்ள எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் சிறார் கல்விக்கான தேசியச் சங்கம் நான்கு வயதினருக்குச் சொல்லும் அளவு, ஒரு பெரியவருக்கு 10 பிள்ளைகள், ஒரு குழுவில் 20-க்கு மேல் கூடாது என்பது. இதில் விகிதமும் குழுவின் அளவும் தனித்தனி விஷயங்கள். 40 பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்து நான்கு பெரியவர்கள் நின்றாலும் விகிதம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இரைச்சலில் மெல்லப் பேசும் பிள்ளையின் குரல் யாருக்கும் கேட்காது.

சிற்றூர்ப் பள்ளிகளில் கணக்கு தவறுவது இன்னோர் இடத்தில். உதவியாளர் சமையலுக்கும் துப்புரவுக்கும் போய்விடுவார். ஆசிரியை பதிவேடு எழுதவோ தொலைபேசி எடுக்கவோ போவார். ஆகவே நாளில் மிக மோசமான நிமிடம் எதுவோ அப்போது எண்ணுங்கள். ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போயிருக்கும்போது அறையில் எத்தனை பெரியவர், எத்தனை பிள்ளை? 26 பிள்ளைகளுக்கு இருவர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் அந்த நிமிடத்தில் 25 பேருக்கு ஒருவர் அல்லது யாருமே இல்லை என்று ஆகலாம்.

மிகவும் குறைந்த எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. அந்த 9 பேரில் பேத்தியின் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். எட்டுப் பேர் ஐந்து வயதினராக இருந்து, இவள் மட்டும் மூன்று வயது என்றால் விளையாட்டில் எப்போதும் ‘குட்டிப் பாப்பா’ வேடம்தான் கிடைக்கும். கலப்பு வயது வகுப்பு நல்லதே. ஆனால் தன் வயதில் இரண்டு மூன்று பேராவது இருந்தால்தான் சண்டை, சமாதானம், தோழமை எல்லாம் சம அளவில் நடக்கும்.

கடந்த மூன்று ஆண்டுச் சேர்க்கை எண்ணையும் கேளுங்கள். 18, 13, 9 என்று இறங்கிக்கொண்டே வந்தால் பள்ளியை வேறொன்றோடு இணைக்கும் பேச்சு வரக்கூடும். ஆண்டின் நடுவில் இடம் மாறுவது நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரிய அலைச்சல்.

கேள்வி: ஒரு பள்ளியில் மூன்று வயதிலேயே எழுத வைக்கிறார்கள். மகளைச் சேர்க்க எனக்குப் பிடித்த பள்ளியிலோ நாள் முழுக்க விளையாட்டு. “விளையாட வீட்டு வாசல் போதாதா, அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?” என்கிறார் மாமியார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி

பதில்: மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விளையாட்டு என்ற பெயரில் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு, பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பள்ளிகளும் உண்டு. அதற்கு வீட்டு வாசலே மேல்.

விளையாட்டில் கற்றல் நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறோம். கட்டைகள் இருக்கும் மூலையைப் பத்து நிமிடம் பாருங்கள். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் கட்டும் அளவுக்கு, நூறு கட்டையாவது இருக்கின்றனவா? பத்துப் பன்னிரண்டு மட்டும் இருந்தால் அங்கே சண்டை ஒன்றுதான் நடக்கும். ஆசிரியை ஒரு முறையாவது அங்கே வந்து அமர்ந்து, “இது ஏன் சாயுது? கீழே எதை வெச்சா நிக்கும்?” என்பதுபோல் ஒன்று கேட்கிறாரா? நேற்றுக் கட்டியதை இன்று தொடர விடுகிறார்களா? இந்த மூன்றும் இருந்தால் அது பாடம்தான். எண்ணிக்கை, நீளம், சமநிலை, பேச்சு எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

எழுத்தைப் பொறுத்தவரை கை தயாராவதற்கு ஒரு வரிசை உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் சுமார் 3 வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள். கூட்டல் குறி 4 வயதை ஒட்டி வரும். சதுரம் நாலரை, ஐந்தில். சாய்கோடு சேர்ந்த முக்கோணத்துக்கு ஐந்து வயதாவது ஆகும். தமிழில் ‘ட’, ‘ப’, ‘ம’ என்ற வரிசையில் தொடங்கும் ஆசிரியை விவரம் தெரிந்தவர். அவை பெரும்பாலும் நேர்கோடுகள். ‘அ’, ‘இ’ இரண்டும் சுழியும் வளைவும் நிறைந்தவை. அகர வரிசை படிப்பதற்கு உதவும், கைக்கு அது எளிதான வரிசை இல்லை. மூன்று வயதுப் பிள்ளையிடம் ‘அ’ எழுதச் சொன்னால், பென்சிலை முட்டியாகப் பிடித்துத் தோளால் எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். கையைப் பிடித்து எழுதவைப்பது இன்னும் மோசம், பிள்ளையின் விரலுக்கு அதில் வேலையே இல்லை.

மூன்று வயதில் பள்ளியில் இருக்க வேண்டியவை களிமண் பிசைதல், மணலில் விரலால் கோடு, தடித்த சுண்ணக்கட்டியால் தரையில் பெரிதாக வரைதல், பெரிய மணி கோத்தல், துணி பிழிதல். நான்கு வயதில் கத்தரிக்கோல். காதுக்கும் வேலை இருக்க வேண்டும். ‘பம்-ப-ரம்’ என்று சொல்லைப் பிரித்துக் கைதட்டுவது, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைச் சேர்ப்பது, எதுகைப் பாட்டு. வாசிப்புக்கு உண்மையான அடித்தளம் இந்தக் காதுப் பழக்கம்தான். அதைச் செய்யாமல் நோட்டை நிரப்பும் பள்ளியில் பிள்ளை ‘படம்’ என்று எழுதும், வாசிக்கச் சொன்னால் விழிக்கும்.

இரண்டு பள்ளிகளிலும் பிள்ளைகள் தொடர்ந்து எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்றும் பாருங்கள். மூன்று வயதுக்குக் கூட்டமாக உட்கார 10, 15 நிமிடம் போதும். ஐந்தில் 20 நிமிடம் வரை நீட்டலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளில் 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு ஓட்டமும் ஆட்டமும். திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் தொலைக்காட்சி ஓடினால் அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்.

கேள்வி: பாதுகாப்பைப் பொறுத்தவரை கட்டாயம் பார்க்க வேண்டியவை என்னென்ன? அளவுகளோடு சொல்லுங்கள்.
– இரட்டையர்களின் அப்பா

பதில்: ஒரு அளவுநாடாவை எடுத்துப் போங்கள். தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் பெரும்பாலோர் கூடவே வந்து பார்ப்பார்கள்.

சறுக்குமரம், ஏணி, கைப்பிடிக் கம்பி, சுற்றுவேலி எதிலும் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளி இருக்கக் கூடாது. உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அது. ஏறி விளையாடும் சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் வெற்றிடம் வேண்டும். கீழே கான்கிரீட்டும் கூடாது, இறுகிய மண்ணும் கூடாது. மணலாக இருந்தால் 23 செ.மீ. ஆழம் வேண்டும், அதுவும் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் தாங்கும். பெரும்பாலான இடங்களில் தவறு நடப்பது ஆழத்தில்தான். மணல் போட்ட அன்று சரியாக இருக்கும். ஊஞ்சலின் கீழும் சறுக்குமரத்தின் அடியிலும் கால் பட்டுப் பட்டு மாதக்கணக்கில் விலகிவிடும். அந்த இரண்டு இடத்தில் ஒரு குச்சியைக் குத்தி அளந்தாலே பராமரிப்பு எப்படி என்று தெரிந்துவிடும்.

மூன்று வயதுக்குக் குறைந்தவர்களும் வருகிறார்கள் என்றால், 3.2 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் போகும் எந்தப் பொருளும் அறையில் இருக்கக் கூடாது. தொண்டையில் அடைப்பது அந்த அளவுப் பொருள்கள்தான்.

நீர்த்தொட்டிக்கு மூடி, பூட்டு. தண்ணீர் நிரப்பிய வாளி பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இருக்கவே கூடாது. தலை கனத்த சின்னப் பிள்ளை குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது.

கழிப்பறைக்குள் கண்டிப்பாகப் போய்ப் பாருங்கள். சோப்பு இருக்கிறதா, குழாய் எட்டுகிறதா, உள்ளிருந்து தாழ் விழுமா, அறையிலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும்? சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் சோப்போடு 20 விநாடி கை தேய்க்கிறார்களா என்று நின்று கவனியுங்கள். பொதுவான ஒரு பாத்திரத்தில் எல்லோரும் கை நனைத்து எடுப்பது கழுவலே இல்லை, ஒருவருக்கு வந்த வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் வரும் வழி அது.

கடைசியாக, வேறு ஒருவர் வந்து “நான் சித்தப்பா, கூட்டிட்டுப் போறேன்” என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சிறிய ஊரில் “எல்லாரும் தெரிஞ்சவங்கதானே” என்ற பதில் வரும். அது போதாது. பெற்றோர் கையெழுத்திட்ட பெயர்ப் பட்டியல் பள்ளியில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஊரில் எல்லோரும் ஒரு பள்ளியைத்தான் புகழ்கிறார்கள். அங்கே படித்த பிள்ளைகள் முதல் வகுப்பில் நன்றாக வாசிக்கிறார்களாம். இதை நம்பலாமா?
– பள்ளி தேடும் தம்பதி

பதில்: சின்ன எண்ணிக்கை ஏமாற்றும். ஓர் ஆண்டில் எட்டுப் பிள்ளைகள் போகும் பள்ளியில் இருவர் சரளமாக வாசித்தால் ‘நாலில் ஒருவர்’ ஆகிவிடும். அடுத்த ஆண்டு அந்த இருவரின் வீடும் இடம் மாறிவிட்டால் அதே பள்ளி ‘சரிந்துவிட்டது’ என்பார்கள். பள்ளியில் எதுவுமே மாறியிருக்காது. வாசிக்கும் பிள்ளையின் வீட்டில் அக்கா தினமும் கதை படித்துக் காட்டியதும் இதில் கலந்திருக்கும்.

அந்தப் பெயர் எப்போது வந்தது என்று பாருங்கள். முன்பிருந்த ஆசிரியையால் வந்த பெயர் அவர் மாறுதலில் போனபின்னும் நாலைந்து ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போதுள்ளவர் எத்தனை ஆண்டாக இருக்கிறார், அடுத்த ஆண்டும் இருப்பாரா, மழலையர் கல்வியில் தனியாகப் பயிற்சி பெற்றவரா என்ற மூன்றையும் கேளுங்கள். நான்கு ஆண்டில் மூன்று பேர் மாறியிருந்தால், வகுப்பறை எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் கணக்கில் அது பெரிய குறை. இந்த வயதில் பிள்ளை பாடத்தைப் பிடிப்பதற்கு முன் ஆளைப் பிடித்துக்கொள்கிறது.

யாரிடம் விசாரிப்பது என்றால், நடுவில் பிள்ளையை அங்கிருந்து எடுத்த ஒரு வீட்டிலும், பிள்ளைகள் அடுத்துச் சேரும் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியரிடமும். “எந்தப் பள்ளி நல்லது?” என்று கேட்டால் அவர் சங்கடப்படுவார். “வரும் பிள்ளைகளில் தானாகக் கழிப்பறை போவது, சொன்னதைக் கேட்டுச் செய்வது, தெரியாததைக் கேட்பது இதெல்லாம் யாருக்கு வருகிறது?” என்று கேளுங்கள், பேசுவார்.

கேள்வி: எங்கள் பெற்றோர் குழு ஊரில் உள்ள நான்கு பள்ளிகளுக்கும் மதிப்பெண் போட்டு வெளியிட நினைக்கிறது. எப்படிச் செய்வது?
– குழு உறுப்பினர்

பதில்: ஒப்பிடுங்கள். மதிப்பெண் பட்டியலாக வெளியிட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. இருவர் வேலை பார்க்கும் பள்ளிக்கு ‘நான்காம் இடம்’ என்று எழுதுவது, பெயர் போடாமலே அந்த இருவரைச் சந்தியில் நிறுத்துவதாகும். அவர் உங்கள் தெருக்காரராகவும் இருப்பார். பட்டியல் வந்த மறு ஆண்டு கடைசி இடத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை எடுப்பார்கள், சேர்க்கை குறையும், மிஞ்சுவது வேறு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான்.

செய்ய வேண்டிய முறை இது. ஒரே கேள்வித்தாளை நான்கு பள்ளிக்கும் வையுங்கள், இருபது கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கேள்வியும் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இருக்கட்டும். “ஆசிரியை அன்பானவரா?” என்பது கேள்வி அல்ல, “காலையில் வந்த பிள்ளைகளில் எத்தனை பேரைப் பெயர் சொல்லி வரவேற்றார்?” என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பள்ளிக்கும் இருவர் போகட்டும், தனித்தனியாக எழுதட்டும், வெளியே வந்தபின் ஒப்பிடட்டும். ஐந்தில் ஒரு பதிலுக்கு மேல் வேறுபட்டால் தவறு கேள்வியில் இருக்கிறது, அதைத் திருத்தி மறுபடி பாருங்கள். தன் பிள்ளையோ உறவினரோ இருக்கும் பள்ளிக்கு யாரும் போகக் கூடாது. வெவ்வேறு வாரங்களில் இரண்டு முறை பார்க்காமல் எதையும் முடிவாக எழுதாதீர்கள். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் ஒன்று முதல் ஏழு வரை புள்ளியிடும் அளவுகோல்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்குப் பல நாள் பயிற்சி தேவை. பயிற்சியில்லாமல் அதே எண்களைப் போட்டால் துல்லியம்போல் தோன்றும், துல்லியம் இருக்காது.

கண்டதை முதலில் அந்தந்தப் பள்ளி ஆசிரியையிடம் காட்டுங்கள், அவர் விளக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். மணல், சோப்பு, கட்டைகள், தாழ்வான அலமாரி, சாப்பாட்டு நேரத்தில் கூடுதலாக ஓர் ஆள் போன்றவை உங்கள் குழுவே ஒரு மாதத்தில் சரிசெய்யக்கூடியவை. ஆசிரியர் பணியிடம் காலி, கூரை ஒழுகல், கழிப்பறை இல்லாமை துறைக்கு எழுத வேண்டியவை. நான்கு பள்ளிக்கும் சேர்த்து ஒரே மனுவாக எழுதினால் அது ஒரு பள்ளிமேல் வந்த புகாராகத் தெரியாது.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தடுமாறுகிறான். பள்ளியில் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எந்த மாதிரிப் பள்ளி நல்லது?
– கவலையோடு ஒரு தாய்

பதில்: பள்ளிக்கு முன் காது. இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லிக் கேட்கும் திறனைச் சோதியுங்கள், பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டுங்கள். இரண்டு வயதை ஒட்டி இரண்டு சொல் சேர்வதும், மூன்றில் சிறு வாக்கியமாக வருவதும் பொதுவான வளர்ச்சி. “ஆண் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்” என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பிள்ளை திரும்பிப் பார்க்கும், பெயர் சொன்னால் வரும். ஆனாலும் சொற்களின் ஒலி அதற்குத் தெளிவாகக் கேட்டிருக்காது. வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது.

பள்ளி என்றால் அவனுக்கு வேண்டியது இரைச்சல் குறைந்த அறையும், அவன் சொல்ல வருவதற்குக் காத்திருக்கும் ஆசிரியையும். “பூனை” என்று அவன் சொன்னால் “ஆமா, கறுப்புப் பூனை ஓடுது” என்று நீட்டிக் கொடுப்பவர் கிடைத்தால் விடாதீர்கள். “முழுசாச் சொல்லு, அப்பதான் தருவேன்” என்பவரிடம் வேண்டாம். கழிப்பறைக்குச் சைகை காட்டினால் புரிந்துகொள்வார்களா என்றும் கேளுங்கள். சேர்க்கும் நாளில் ஆசிரியையிடம் ஒரு தாள் கொடுங்கள். அவன் சொல்லும் சொற்களையும் அவற்றுக்கு அவன் கொள்ளும் பொருளையும் அதில் எழுதுங்கள். ‘ம்மூ’ என்றால் தண்ணீர் என்று வீட்டுக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியாது.

கேள்வி: சேர்த்து இரண்டு வாரம் ஆகிறது. மகள் தினமும் வாசலில் அழுகிறாள். பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
– அப்பா

பதில்: இரண்டு வாரம் மிகக் குறைவு. நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள். வாசலில் அழுவதை வைத்து முடிவு செய்ய முடியாது. நீங்கள் போனபின் எத்தனை நிமிடத்தில் நின்றது என்று ஆசிரியையிடம் தினமும் கேட்டுக் குறித்து வாருங்கள். 20, 15, 10 என்று இறங்கினால் பழகிக்கொண்டிருக்கிறாள். மூன்று வாரத்துக்குப் பிறகும் நாள் முழுக்க ஒதுங்கி இருப்பது, சாப்பிட மறுப்பது, பழகியிருந்தும் மறுபடி துணியில் சிறுநீர் கழிப்பது, இரவில் அலறி எழுவது இவை இருந்தால் ஒரு நாள் முழுக்க உள்ளே இருந்து பாருங்கள். அடி, இருட்டு அறை, மிரட்டல் என்ற பேச்சு மகள் வாயிலிருந்து ஒரு முறை வந்தாலும் கணக்குப் பார்க்காமல் அன்றே நிறுத்தி, தலைமைக்கு எழுத்தில் கொடுங்கள்.

விடைபெறும்போது ஒளிந்து போகாதீர்கள். “சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அப்பா வருவேன்” என்று அவளுக்குப் புரியும் அடையாளம் சொல்லி, ஒரு முறை கட்டிப்பிடித்து, திரும்பிப் பார்க்காமல் போங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் நில்லுங்கள்.